எட்டாவது வரிசைப் பாட்டில்கள்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரு பத்திரிகை ஆசிரியர் போன் செய்து, "அறிவியல் சிறப்பிதழ் போடறோம் சார், உங்ககிட்ட ஒரு கதை கிடைக்குமா?" என்று கேட்டார். புதியவர் போலிருக்கிறது. பழையவராக இருந்தால் என்னிடம் அறிவியலைக் கேட்டிருக்க மாட்டார்.

முப்பத்து நான்கு வருடம் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாகப் பை தூக்கியவன் நான். மருத்துவர்களிடம் மாத்திரைகளைப் பற்றிச் சொல்லாத பொய் பாக்கி இல்லை. உங்கள் மாத்திரை எவ்வளவு சீக்கிரம் கரையும் என்று ஒரு மருத்துவர் கேட்டதற்கு, "வர்ற வழியில மழை பிடிச்சிடுச்சு டாக்டர், பைக்குள்ளேயே கரைஞ்சிடுச்சு, அதான் சாம்பிள் கொண்டு வர முடியல" என்றேன். சாம்பிள் என் வீட்டு மேசைமேல் இருந்தது. அவர் அன்று முதல் எங்கள் மாத்திரையைத்தான் எழுதித் தந்தார்.*

* அன்று மழை பெய்யவில்லை. அந்த மருத்துவர் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தார்.

ஆசிரியரிடம், "அதுக்கென்ன, வீட்டுலயே ஒரு விஞ்ஞானி இருக்கா" என்று சொல்லிவிட்டேன். இது உண்மை. என் மருமகள் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். தண்ணீரில் கரையாத மருந்தைக் கரைய வைப்பது அவள் வேலை. என் மகன் கப்பலில் இருக்கிறான். அவன் இந்தக் கதைக்குள் வரமாட்டான். வீட்டில் இருப்பது நான், என் மனைவி, மருமகள் என்று மூன்று பேர். இவ்வளவு சின்னக் குடும்பத்தில் இவ்வளவு பெரிய தப்பு எப்படி நடந்தது என்பதுதான் கதை.

(மேலே உள்ள வாக்கியத்தை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். தப்பு என்று இப்போதே சொல்லிவிட்டால் யார் செய்தது என்று தேடுவீர்கள். இருக்கிற மூன்று பேரில் தேடுவது ஒன்றும் கஷ்டமில்லை.)

2

தொடக்கம் சரியாக அமையவில்லை. மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "வெள்ளைக் கோட்டுக்குள் அவளுடைய இதயம் படபடவென்று—" (நிறுத்திவிட்டேன். போன மாதம்தான் அவளுக்குப் பரிசோதனை செய்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறது.)

இரண்டாவது: "உலகம் தோன்றிய நாளிலிருந்தே தண்ணீருக்கும் எண்ணெய்க்கும்—" (அன்றைக்கு நான் அங்கே இருந்தேன் என்று சொல்லிவிடலாம். யாராவது சாட்சி கேட்டால்தான் சிக்கல்.)

மூன்றாவது: "ஒரு ஊரில் ஒரு மாமனார் இருந்தார். அவர் மிகவும் நேர்மையான—" (இந்த இடத்தில் பேனாவே நின்றுவிட்டது. மை தீர்ந்துபோனதுதான் காரணம் என்கிறாள் மனைவி.)

வேறு வழியில்லாமல் ஞாயிற்றுக்கிழமை மதியம் மருமகளிடமே போனேன். சாப்பாட்டு மேசையில் குறிப்பேட்டை விரித்து வைத்துக்கொண்டு அதையே முறைத்துக்கொண்டிருந்தாள். தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

"உன் வேலையைப் பத்தி ஒரு கதை எழுதணும்மா. எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"உங்களுக்குப் புரியற மாதிரின்னா நான் எத்தனை நாள் லீவு போடணும் மாமா?"

"சாப்பிட்டுக்கிட்டே சொல்லு போதும்."

இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு சொன்னாள்.

"நுரையீரல்ல பூஞ்சை பிடிக்கிற ஒரு நோய். மருந்து இருக்கு. நல்ல மருந்து. ஆனா தண்ணியில கரையவே கரையாது. வயித்துக்குள்ள போயி மணல் மாதிரி கிடந்துட்டு அப்படியே வெளியே போயிடும். நோயாளி மருந்து சாப்பிட்டதா நெனச்சுக்கிட்டு இருப்பாரு. ரத்தத்துக்கு ஒண்ணும் வந்திருக்காது."

"நான் வித்ததெல்லாம் அந்த ரகம்தானோ?"

"நீங்க வித்தது எப்படியும் வேலை செஞ்சிருக்காது மாமா. குறுக்கே பேசாதீங்க. அதுக்குத்தான் பாலிமர் கேரியர்."

எனக்குக் கேரியர் என்றால் சைக்கிளின் பின்னால் இருப்பது. அதைச் சொன்னேன். கிட்டத்தட்ட அதுதான் என்றாள்.

"நீளமான சங்கிலி மாதிரி ஒரு பொருள். ஒரு பாதிக்குத் தண்ணி பிடிக்கும். இன்னொரு பாதிக்குத் தண்ணியைக் கண்டாலே ஆகாது. தண்ணியில போட்டா, ஆகாத பாதியெல்லாம் உள்பக்கமா தலையை விட்டுக்கிட்டு ஒண்ணு சேர்ந்துக்கும். பிடிச்ச பாதி வெளியே சுத்தி நிக்கும். கண்ணுக்கே தெரியாத குட்டி உருண்டை. கரையாத மருந்து அந்த உருண்டைக்குள்ள போய் சொகுசா உட்கார்ந்துக்கும். உருண்டை தண்ணியோட தண்ணியா போகும், மருந்தும் கூடவே போகும்."

நான் தலையாட்டியதில் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

"பாத்திரம் தேய்க்கிற சோப்பு இருக்குல்ல? எண்ணெய்ப் பாத்திரத்துல போட்டா எண்ணெய் தண்ணியோட போயிடுதுல்ல? அதே வேலைதான் மாமா. சோப்பு ஆளு சின்னது, எங்க பாலிமர் பெருசு, உடம்புக்கும் ஒத்துக்கும்."

"அப்ப அந்த மருந்து சோப்புத் தண்ணியில கரையுமா?"

"ஜோரா கரையும். அதனாலதான் கண்ணாடிச் சாமானை நாங்க கழுவினதுக்கு அப்புறம் ஏழு தடவை சுத்தமான தண்ணியில அலசுவோம். கொஞ்சம் சோப்பு தங்கிட்டாக்கூட, கேரியர் வேலை செய்யற மாதிரி பொய்யா காட்டிடும்."

இந்த இடத்தில் எனக்குப் புரை ஏறியது. வாயில் ஒன்றும் இல்லை.

3

இந்தப் பகுதி இல்லாமல் கதையை முடிக்க முடியுமா என்று இரண்டு நாள் முயன்று பார்த்தேன். முடியவில்லை. படர்க்கையில் எழுதினால் கொஞ்சம் சுலபமாக இருக்கும் என்று தோன்றுகிறது.

ஒரு முதியவர் இருந்தார். அவருக்கு முட்டிவலி. அவருடைய மருமகளின் ஆய்வுக்கூடத்தை இரண்டாம் மாடியிலிருந்து நாலாம் மாடிக்கு மாற்றினார்கள். சாமான் மாற்றும்போது உடையும், காணாமல் போகும் என்று அவள் ஒரு பெட்டி நிறையச் சின்னக் கண்ணாடிப் பாட்டில்களை வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தாள். எட்டு வரிசை, வரிசைக்கு ஆறு, மொத்தம் நாற்பத்தெட்டு. "நானே கழுவி, ஏழு தடவை அலசி, காய வெச்சது. யாரும் தொடாதீங்க" என்றாள். யாரும் என்று அவள் சொன்னது மாமியாரைத்தான் என்று முதியவர் எடுத்துக்கொண்டார்.

(இந்தப் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. எழுபத்தொரு வயது ஆள் இவ்வளவு அற்பமாக நடந்துகொள்வாரா? வாசகர் நம்புவாரா? நான் ஆசிரியராக இருந்தால், பாத்திரப் படைப்பு பலவீனம் என்று எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன்.)

முதியவர் ஐந்து லிட்டர் டப்பாவில் முட்டிவலி எண்ணெய் வாங்கியிருந்தார். டப்பாவைத் தூக்கினால் தோளும் வலித்தது. ஆகவே கடைசி வரிசைப் பாட்டில் ஆறையும் எடுத்து, எண்ணெயில் கொஞ்சத்தைப் பிரித்து ஊற்றினார். இடது முட்டிக்கு ஒன்று, வலது முட்டிக்கு ஒன்று, நடைப்பயிற்சிக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒன்று, உபரி மூன்று. கடைசி வரிசையை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பது பள்ளிக்கூடத்தில் அங்கேயே உட்கார்ந்து கற்றுக்கொண்டது.

ஒரு மணி நேரத்தில் மனைவி கண்டுபிடித்துவிட்டாள்.

"அது அவ பாட்டில்தானே?"

"இதென்ன தங்கமா? கழுவி வெச்சிட்டாப் போச்சு."

"உங்க கையால கழுவினது எது சுத்தமா இருந்திருக்கு? மரியாதையா கழுவி எடுத்த இடத்துல வைங்க."

(சரி. முதியவர் நான்தான். இதற்கு மேல் படர்க்கை தாங்காது.)

எண்ணெயைக் கொட்டினேன். பாட்டிலுக்கு இரண்டு சொட்டுப் பச்சை சோப்பு, ஒரு மூடி தண்ணீர், நன்றாகக் குலுக்கல். நுரையை ஊற்றிவிட்டு அலசுவதற்குக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மாடியில் தொட்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். யார் காத்திருப்பது? வெயிலில் கவிழ்த்து வைத்தேன். ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. அடியில் மெல்லிசாக ஒரு மினுமினுப்பு. மற்ற நாற்பத்திரண்டு பாட்டிலையும்விட இந்த ஆறும் பளபளவென்று இருந்தன. பெட்டியில் வைக்கும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.*

* ஏழு தடவை அலசியவளுக்கு வராத பளபளப்பு, ஒரு தடவைகூட அலசாதவனுக்கு வந்தது என்பதை யோசித்திருக்க வேண்டும். யோசிக்கிறவன் மருந்து விற்கப் போயிருக்க மாட்டான்.

4

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீளமாகச் சொன்னால் எனக்குத்தான் கஷ்டம்.

பெட்டி நாலாம் மாடிக்குப் போனது. முதல் வரிசையில் வெறும் மருந்து. மற்ற ஏழு வரிசைகளில் மருந்தோடு விதவிதமான கேரியர் கலவைகள். அதே பாட்டில்கள், அதே வரிசை. எல்லாவற்றிலும் மருந்து கலங்கலாக நின்றது. எட்டாவது வரிசையில் மட்டும் குடிதண்ணீர் மாதிரித் தெளிவு. மருந்து முழுக்கக் கரைந்திருந்தது. நாலு வருட உழைப்பு பலித்துவிட்டது என்று அன்று மாலை அவள் கேக் வாங்கிக்கொண்டு வந்தாள். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். பெரிய துண்டுகள்.

பாட்டில்களை அவள் வழக்கம்போலக் கழுவி, ஏழு தடவை அலசி, மறுபடி செய்து பார்த்தாள். எட்டாவது கலவை கலங்கலாக நின்றது. மறுபடி செய்தாள். கலங்கல். மூன்று வாரமாகச் செய்துகொண்டே இருந்தாள். தராசை மாற்றினாள், தண்ணீரை மாற்றினாள், புதுப் பாலிமர் வரவழைத்தாள். தப்பை முதல் தடவையில் தேடவே இல்லை. முதல் தடவைதான் சரியாக வந்ததே. அதற்குப் பிறகு தான் எங்கேயோ சொதப்புவதாக நினைத்துக்கொண்டாள்.

"எல்லாத்தையும் பார்த்துட்டியாம்மா?" என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள்.

"பார்த்துட்டேன் அத்தை. பாட்டில் ஒண்ணுதான் பாக்கல. அது நானே கழுவினது."

நான் அப்போது பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு சோப்பின் வேலை தெரியாது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தெரியும்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆய்வுக்கூடத்தில் குழு கூடுகிறது. அதன் தலைவி எதைச் சொன்னாலும் "ஆதாரம்?" என்று கேட்பாராம். அதனால் அவருக்கு ஆதாரம் மேடம் என்றே பெயர். மருந்தில் பாதியாவது கரைகிற கலவை ஒன்றை அவள் காட்ட வேண்டும். காட்டினால் அடுத்த கட்டம். இல்லையென்றால் வேலையை மூடிவிட்டு அந்த அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அவளிடம் இருந்தது அந்த முதல்நாள் முடிவு மட்டும்தான். அதைத்தான் காட்டப்போகிறாள். ஆதாரம் மேடம், "எங்கே, இன்னொரு தடவை செஞ்சு காட்டு" என்றால், நாலு வருடத்தோடு அவளுடைய பெயரும் போய்விடும்.

5

இந்த இடத்தில் கதைக்கு முடிவு வேண்டும். மூன்று வைத்திருக்கிறேன்.

அ) ஆதாரம் மேடத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம். "எட்டாவது வரிசையைக் கழுவியது ஒரு நல்லெண்ணம் கொண்ட—" (என் கையெழுத்தை மருமகள் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள்.)

ஆ) நாலாம் மாடிக்கு ரகசியமாகப் போய், எல்லாப் பாட்டிலிலும் இரண்டு இரண்டு சொட்டு சோப்பு விட்டுவிட்டு வருவது. அப்புறம் எத்தனை தடவை செய்தாலும் வெற்றிதான். (மருந்தைச் சாப்பிட்டு நோயாளிகள் நுரை கக்குவார்கள். மேலும், நாலு மாடி. முட்டி ஒத்துழைக்காது.)

இ) ஒன்றும் சொல்லாமல் இருப்பது. மூன்றிலும் எனக்குப் பழக்கமானது இதுதான். இதைத்தான் எழுதி முடித்தேன். இலக்கியத்தில் மௌனத்துக்குத் தனி மரியாதை உண்டு என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

புதன்கிழமை மதியம் நான் கண்ணயர்ந்த நேரத்தில் மனைவி இதுவரை உள்ள காகிதங்களைப் படித்துவிட்டாள். எழுப்பினாள்.

"இது நெஜமா?"

"கதைம்மா."

"பச்சை சோப்புன்னு போட்டிருக்கீங்க. நம்ம வீட்டு சோப்பு பச்சை. நீங்க அலசலையா அன்னிக்கு?"

"தண்ணி வரல."

"இதைப் பத்திரிகைக்கு அனுப்பி, அவங்க ரெண்டு மாசம் கழிச்சுப் போட்டு, அதை அவ படிச்சுத் தெரிஞ்சுக்கணும். அப்படித்தானே?"

"கலைன்னா கொஞ்சம் நாளாகும்."

"அவ மூணு வாரமா சரியா சாப்பிடல. உங்க கலையைத் தூக்கிப் பரண்ல போடுங்க. இன்னிக்கு அவ வந்ததும் நீங்க சொல்லலைன்னா நான் சொல்வேன். நான் சொன்னா இன்னும் நல்லா சொல்வேன்."

அது எனக்கும் தெரியும். நாற்பத்தாறு வருட அனுபவம்.

6

ஆறு மணிக்கு மருமகள் வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன். உட்கார வைத்துச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் அதற்குள் ஒரு நல்ல பொய் உருவாகத் தொடங்கியிருந்தது.

"அந்தக் கடைசி வரிசைப் பாட்டிலை நான் எடுத்தேன்மா. எண்ணெய் ஊத்தினேன். சோப்பு போட்டுக் கழுவினேன். அலசல."

ஒரு செருப்போடு நின்றாள்.

(இங்கே அவள் அழுதாள் என்று முதலில் எழுதினேன். பிறகு கோபத்தில் கத்தினாள் என்று மாற்றினேன். இரண்டும் நடக்கவில்லை. நடந்ததை எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

"எந்த சோப்பு?"

"பச்சை."

"எத்தனை சொட்டு?"

"ரெண்டு."

"தண்ணி எவ்வளவு ஊத்தினீங்க? எவ்வளவு நேரம் காஞ்சுது? நிழலா, வெயிலா?"

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். நின்றபடியே குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். போலீஸ் ஸ்டேஷனில்கூட இவ்வளவு துல்லியமாக எழுதமாட்டார்கள். எழுதி முடித்துவிட்டு அந்த ஒற்றைச் செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மூணு வாரமா என் கை நடுங்குதுன்னு நெனச்சேன் மாமா. கண் டாக்டரைக்கூடப் பார்த்தேன்."

மனைவி அவள் முன்னால் காபியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்குக் காபி வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மருமகள் குறிப்பேட்டைப் பின்னாலிருந்து புரட்டத் தொடங்கினாள். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். விரலை வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் போனாள்.

"அத்தை, இங்க பாருங்க" என்றாள். என்னைக் கூப்பிடவில்லை. "நாலாவது வரிசை. முதல் நாளும் மூணுல ஒரு பங்கு கரைஞ்சிருக்கு. அப்புறம் செஞ்ச ஒவ்வொரு தடவையும் மூணுல ஒரு பங்கு. மாறவே இல்ல. நான் எட்டாவதையே பார்த்துக்கிட்டு இதைத் திரும்பிக்கூடப் பாக்கல."

"பாதி வேணும்னு கேப்பாங்களே?"

"கேப்பாங்க. இது பாதி இல்ல. ஆனா இது நெஜம்."

(கதையில் வசதியான இடத்தில் ஒரு நாலாவது வரிசை முளைத்துவிட்டது என்று நினைப்பீர்கள். நானாக இருந்தால் முக்கால் பங்கு கரைந்தது என்று எழுதியிருப்பேன். மூன்றில் ஒரு பங்கை எந்தப் பொய்யன் கற்பனை செய்வான்?)

பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு நீங்களும் வரணும் மாமா. எட்டாவது வரிசையை நான் வாபஸ் வாங்கினா, ஏன்னு கேப்பாங்க. வீட்டுல மாமனார் சோப்பு போட்டாருன்னு நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. பசங்க வீட்டுப்பாடத்தை ஆடு தின்னுடுச்சுன்னு சொல்ற மாதிரி இருக்கும்."

"நான் சொன்னா மட்டும்?"

"நீங்க சொன்னா கஷ்டம்தான். ஆனா வேற சாட்சி இல்ல." குறிப்பேட்டை மூடினாள். "நடந்ததை மட்டும் சொல்லுங்க. ஆறுன்னா ஆறு. அலங்காரம் வேணாம்."

7

இதை நாலாம் மாடி வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, காகிதத்தை முட்டிமேல் வைத்து எழுதுகிறேன். லிஃப்ட் இருந்தது. எதிரே மூடிய கதவு. உள்ளே குழு. மருமகள் பத்து மணிக்குப் போனாள்.

காலை ஏழு மணிக்கே வந்து, கேரியரே இல்லாமல் வெறும் மருந்தையும் எங்கள் வீட்டுப் பச்சை சோப்பையும் வைத்துச் செய்து பார்த்துவிட்டாள். தெளிவாகக் கரைந்தது. என் குற்றம் இப்போது விஞ்ஞானபூர்வமாக நிரூபிக்கப்பட்டுவிட்டது. வாழ்க்கையில் நான் சொன்னதில் ஆதாரத்தோடு நிரூபணமான முதல் விஷயம் இதுதான்.

சற்றுமுன் உள்ளேயிருந்து ஒருவர் தண்ணீர் எடுக்க வெளியே வந்தார்.

"நீங்கதான் அந்த மாமனாரா?"

"ஆமா."

"நாலாவது வரிசையைத்தான் பேசிக்கிட்டு இருக்காங்க. மூணுல ஒண்ணு பத்தாதுங்கறாங்க. அதுவும் உங்க வேலையால கெட்டிருந்தா இன்னொரு வருஷம் கொடுத்துப் பாக்கலாம்னு ஒருத்தர் சொன்னார். மேடம், அவரையே கூப்பிட்டுக் கேட்டுடலாம்னுட்டாங்க."

அவர் உள்ளே போய்விட்டார். கதவு சாத்திக்கொண்டது.

வாசகரே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். கதவு திறக்க இன்னும் இரண்டு நிமிடமாவது ஆகும்.

அவர் சொன்னது புரிந்ததா? நாலாவது வரிசையையும் நான் தொட்டேன், அதிலும் எண்ணெய் ஊற்றி அரைகுறையாகக் கழுவி வைத்தேன், அவள் எத்தனை அலசியும் போகாமல் எண்ணெய் ஒட்டியிருந்ததால்தான் அந்தக் கலவை எந்தத் தடவையும் பாதியை எட்டவில்லை என்று நான் சொன்னால் போதும். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட குற்றவாளி. இன்னும் ஆறு பாட்டிலைச் சேர்த்துக்கொண்டால் யாருக்கும் சந்தேகம் வராது. அவளுக்கு ஒரு வருடம் கிடைக்கும். அந்த ஒரு வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு பாதியாகலாம். எங்கேயோ ஒருவருடைய ரத்தத்துக்கு மருந்து போய்ச் சேரலாம். என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களிலேயே இதற்குத்தான் கொஞ்சமாவது மருத்துவக் குணம் இருக்கிறது.

கையிலிருக்கும் வரைவுகள் இவை:

"மேடம், உண்மையைச் சொல்லணும்னா நாலாவது வரிசையையும்—"

"மேடம், எட்டாவது வரிசை மட்டும்தான், ஆனா—"

"மேடம், எனக்கு வயசாயிடுச்சு, எத்தனை பாட்டில்னு சரியா—"

மூன்றுமே நன்றாக வந்திருக்கின்றன. அதுதான் பயமாக இருக்கிறது.

அவள் குறிப்பேட்டில் மூன்று வாரமாக எழுதிவைத்திருப்பது எல்லாமே நடந்தது. ஒரு எண்கூடக் கூட்டிப் போடவில்லை. கூட்டிப் போட்டிருந்தால் கண் டாக்டரிடம் போக வேண்டியிருந்திருக்காது. நேற்று அதே குறிப்பேட்டில் என்னுடைய இரண்டு சொட்டையும் எழுதிக்கொண்டாள். நான் சொன்னதை அப்படியே, சந்தேகப்படாமல், மையால் எழுதிக்கொண்டாள். அப்படி யாரும் இதுவரை எழுதிக்கொண்டதில்லை. மருத்துவர்கள்கூடப் பென்சிலால்தான் எழுதினார்கள்.

கதவு திறக்கிறது. ஆதாரம் மேடம் தானே எழுந்து வந்திருக்கிறார். சின்ன உருவம், பெரிய கண்ணாடி. "உள்ள வாங்க, ஐயா. ஒரே ஒரு கேள்விதான்" என்கிறார். அவருக்குப் பின்னால் மருமகள் நிற்கிறாள். என்னை ஜாடை காட்டிக் கூப்பிடவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. குறிப்பேட்டைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். நான் சொல்லப்போவதை எழுதிக்கொள்ள.

உள்ளே எழுதிக்கொண்டே போக முடியாது. வெளியே வந்து, இன்னது சொன்னேன் என்று நான் எழுதினால் நீங்கள் நம்பப்போவதும் இல்லை. இதுவரை படித்த பிறகு நம்பினால் அது உங்கள் தப்பு. ஆகவே ஆறா, பன்னிரண்டா, எண்ணை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பென்சில் வேண்டாம்.

"எத்தனை பாட்டில், ஐயா?"

"—"